வலிக்காத கணுக்கால் முறிவு: சர்க்கரை உள்ளவர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் எலும்பு மருத்துவர். ஈரோடு, கோபி, காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்து வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பதினைந்து இருபது வருடமாகச் சர்க்கரை இருந்து, பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போன ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தால், எக்ஸ்ரேயில் அது எல்லாருடைய முறிவு மாதிரியேதான் தெரியும். ஆனால் அதை எல்லாருடையதையும் போலப் பார்த்தால் காலே போய்விடும். ஓ.பி.யில் ஐந்து நிமிடத்தில் இதையெல்லாம் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வலியே இல்லை, நடக்கவும் முடிகிறது. பிறகு எப்படி எலும்பு முறிந்திருக்கும்?

இதைக் கேட்காத ஆளே இல்லை. காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், அறுபது வயதுக்கு மேல், வாய்க்கால் வரப்பில் கால் பிசகிப் பதினோரு நாள் கழித்து வந்தார். வந்தது டிவிஎஸ் எக்ஸெல்லில், தானே ஓட்டிக்கொண்டு. "வீக்கம் மட்டுந்தானுங், வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்" என்றார். நான் பாதத்தைக் கையில் பிடித்து மெல்ல அசைத்தபோது உள்ளே எலும்போடு எலும்பு உரசி நறநறவென்றது என் விரலுக்குத் தெரிந்தது, அவரோ அந்த வருடத்து மஞ்சள் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், பேச்சு ஒரு நொடிகூட நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்க எலும்பும் முறிந்து, மூட்டு பாதி விலகியிருந்தது.

நரம்பு கெட்டுப்போனவருக்கு "ஊன்றாதே" என்று கத்துவதற்கு ஆள் இல்லை. நமக்குக் கணுக்கால் முறிந்தால் வலிதான் நம்மைக் கீழே உட்கார வைக்கும், அந்த வலியே பாதி வைத்தியம். அது இல்லாதபோது முறிந்த எலும்பின் மேலேயே நடக்கிறோம், சின்ன விரிசல் விலகிய முறிவாகிறது, விலகிய முறிவு மூட்டையே நொறுக்குகிறது. அதனால் சர்க்கரை உள்ளவருக்குக் கால் பிசகி ஒரு பக்கம் வீங்கினால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

என் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் நுனிகளை ஒவ்வொன்றாக, இரண்டு காலிலும், ஆட்காட்டி விரலால் ஓரிரு நொடி மெதுவாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது. மொத்தம் ஆறு இடம். அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்துக்கு வளையும் மெல்லிய நைலான் இழையால் தொட்டும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டு எலும்பில் வைத்தும் பார்ப்பார்கள்.

சோதனை வேண்டாம் என்றாலும் வீட்டில் சாடை தெரியும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாரா உங்கள் அப்பா? அது போதும்.

டாக்டர் 'சார்கோ' என்றார். அது என்ன?

உணர்ச்சி இழந்த மூட்டு உள்ளுக்குள்ளேயே நொறுங்கி உருக்குலைவதற்குத்தான் அந்தப் பெயர். 1868-ல் சார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். அப்போது அவர் பார்த்தது மேகநோயால் (சிபிலிஸ்) தண்டுவட நரம்பு கெட்டவர்களை. சர்க்கரை நோயிலும் இதே சேதம் வருகிறது என்று 1936-ல் ஜோர்டான் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க சர்க்கரைதான் முதல் காரணம்.

இதில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. உணர்ச்சி இல்லாததால் அடி மேல் அடி படுகிறது, நாம் கவனிப்பதில்லை. அதோடு ரத்தக்குழாயைக் கட்டுப்படுத்தும் நரம்பும் கெட்டிருப்பதால் அந்த இடத்துக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் பாய்கிறது, அழற்சி கிளம்புகிறது, எலும்பைக் கரைக்கும் செல்கள் வெறிகொண்ட மாதிரி வேலை செய்கின்றன. சுண்ணாம்புக் கல் ஊறிப் பொதபொதவென்று ஆவது போல எலும்பு இளகிவிடும். அந்த நேரத்தில் ஊன்றினால் பாத வளைவு கீழே இறங்கி, அடிப்பாதம் தொட்டில் கட்டை மாதிரி வெளியே வளைந்துவிடும். அப்புறம் அந்தப் புடைப்பில் புண் வரும், புண் எலும்பு வரை போகும். கால் எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

கணுக்கால் முறிவு இந்தச் சார்கோவைக் கிளப்பிவிடலாம். தலைகீழாகவும் நடக்கும், சார்கோ ஏற்கெனவே தொடங்கியிருந்து எலும்பு இளகி, ஒரு சின்னப் பிசகலில் முறியும். எது முதலில் என்பது பல நேரம் எங்களுக்கே தெரியாது, வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வலி இல்லாத காலைப் பற்றி உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் பிறந்தவர். பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில், ஊழியத்துக்கு வந்த ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, பிறகு தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். விரலும் பாதமும் அந்த நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்துபோகின்றன என்பதை ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்து நிறுவினார். தொழுநோயில் கற்றதைத்தான் இன்றைக்குச் சர்க்கரைப் பாதத்தில் செய்துகொண்டிருக்கிறோம்.

கால் சிவந்து சூடாக இருக்கிறது. சீழா, சார்கோவா?

குழப்பம் வருவது நியாயமே, மருத்துவர்களே தவறவிடுவார்கள். யூரிக் அமிலம், ரத்தக்கட்டு, சீழ் என்று மூன்று வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, அதுவரை நடந்துகொண்டும் இருந்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. சில அடையாளங்கள் உதவும். தோலில் எங்கேயும் புண்ணோ வெடிப்போ இல்லை, காய்ச்சல் இல்லை, சர்க்கரை திடீரென்று ஏறவில்லை, ஆனால் கால் மட்டும் சூடாக வீங்கியிருக்கிறது என்றால் சார்கோ பக்கம் யோசிக்க வேண்டும். படுத்துக் காலைத் தலையணை மேல் ஐந்து பத்து நிமிடம் உயர்த்தி வைத்தால் சார்கோவின் சிவப்பு பெரும்பாலும் வடியும், சீழின் சிவப்பு அப்படியே நிற்கும். தோல் வெப்பமானியால் இரண்டு காலையும் அளந்தால் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் காட்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், அப்போது எம்ஆர்ஐ வேண்டும்.

புண் இருந்தால் கதை வேறு, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எதுவாக இருந்தாலும், முடிவு தெரியும் வரை ஊன்றாதீர்கள்.

மாவுக்கட்டு போதுமா, ஆபரேஷன் வேண்டுமா?

எலும்பு விலகவில்லை, மூட்டு அதன் இடத்தில் இருக்கிறது என்றால் கட்டு போதும். ஆனால் 'போட்டுவிட்டு ஆறு வாரம் கழித்து வாங்க' என்கிற கட்டு இல்லை. முதல் சில வாரம் ஏழு நாளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து, விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டு உரசிப் புண் வந்திருக்கிறதா என்று அவிழ்த்தும் பார்க்க வேண்டும். நோயாளி வலிக்குது என்று சொல்லப்போவதில்லை அல்லவா.

விலகியிருந்தால், ரத்த ஓட்டமும் தோலும் இடம் கொடுத்தால், பெரும்பாலும் ஆபரேஷன்தான் நல்லது. 'சர்க்கரைக்காரர், கத்தி வைத்தால் ஆறாது, கட்டே போட்டு விடுங்கள்' என்று வீட்டார் கெஞ்சுவார்கள். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது, புண் சீழ் வைப்பதும் ஆணி தளர்வதும் இவர்களுக்குக் கூடுதல்தான். ஆனால் நரம்பு கெட்ட காலில் விலகிய முறிவைக் கட்டுக்குள் அடைத்து வைத்தால் அது நிற்காது, நழுவும். உள்ளேயிருந்து எலும்பு தோலைக் குத்திக் கிழிக்கும். ஆபரேஷன் ஆபத்தையும் ஆபரேஷன் செய்யாத ஆபத்தையும் சேர்த்து எடை போட்டுத்தான் முடிவெடுக்கிறோம்.

அதற்கு முன்னால் ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும். பாதத்தில் நாடி தெரிகிறதா, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் எப்படி இருக்கிறது. சர்க்கரைக்காரருக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் கணுக்காலில் எடுக்கும் அழுத்த அளவு பொய்யாக நல்லபடி காட்டும், அதனால் கட்டை விரலில் எடுக்கும் அளவை நம்புவது நல்லது. அடைப்பு இருந்தால் அதை முதலில் ரத்தக்குழாய் மருத்துவர் சரிசெய்ய வேண்டும். வீக்கமும் கொப்புளமும் இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் காத்திருப்போம். தோலில் சுருக்கம் விழுந்தால்தான் கத்தி.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு பிளேட்தான் வைத்தார்கள். எங்க அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு ஆணி?

அந்தப் பையனின் எலும்பு காய்ந்த வேலமரம், ஒரு ஆணி அடித்தாலே நிற்கும். உங்கள் அம்மாவுடையது முருங்கை. அத்தோடு, தெரியாமல் எப்படியும் ஒருநாள் ஊன்றிவிடுவார் என்று கணக்கில் எடுத்துத்தான் கட்டுகிறோம். ஆகவே தடிமனான, ஆணி பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் வகைப் பிளேட். சின்ன எலும்பிலிருந்து பெரிய எலும்புக்கே ஓடும் மூன்று நான்கு நீள ஆணிகள். சிலருக்குக் குதிகாலிலிருந்து மூட்டைத் தாண்டி மேலே போகும் கம்பி, சிலருக்கு வெளியே சட்டம். மூட்டு ஏற்கெனவே நொறுங்கியிருந்தால் குதிகால் வழியே நீளக் கம்பி செலுத்தி மூட்டையே பிணைத்துவிடுவதும் உண்டு. கணுக்கால் மடங்காது, ஆனால் ஊன்றி நடக்கக் கால் இருக்கும்.

சர்க்கரை முன்னூறு இருக்கிறது. ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டுமா?

அன்றைய முன்னூறை இன்சுலினால் ஓரிரு நாளில் இறக்கிவிடலாம், ஆபரேஷன் சமயத்தில் 140-லிருந்து 180-க்குள் வைத்திருக்கப் பார்ப்போம். மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 8-க்கு மேல் இருந்தால் ஆபத்து கூடும்தான், ஆனால் முறிந்த கணுக்கால் மூன்று மாதம் காத்திருக்காது. மாத்திரைச் சீட்டு முழுவதையும் கொண்டு வாருங்கள். முக்கியமாக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' எனப் பெயர் முடிகிற மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். பீடி, சிகரெட் அன்றோடு நிற்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதே இல்லை.

எத்தனை நாள் கால் ஊன்றக் கூடாது?

மற்றவர்களுக்கு எவ்வளவோ அதைப் போல இரண்டு மடங்கு. சாதாரண ஆளுக்கு ஆறு வாரம் என்றால், நரம்பு கெட்டவருக்குப் பத்து பன்னிரண்டு வாரம் ஒரு அடிகூட ஊன்றாமல். அதற்கப்புறம் கட்டோடோ பூட்ஸோடோ மெதுவாக ஊன்றி இன்னும் இரண்டு மூன்று மாதம். பிறகு பிரேஸ், சிலருக்கு ஒரு வருடம் வரை. சார்கோ கிளம்பியிருந்தால் நாள் கணக்கே கிடையாது, சூடும் வீக்கமும் அடங்கி எக்ஸ்ரேயில் எலும்பு இறுகும் வரை.

நான் தோற்ற இடங்கள் பெரும்பாலும் இங்கேதான். கோபி பக்கத்து அம்மா ஒருவர், ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது, ஐந்தாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு ஆணி ஒடிந்திருக்கிறது. ஊன்றவே இல்லை என்று சத்தியம் செய்தார். கட்டின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தேன், குதிகாலில் மாவு தேய்ந்து, சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. கட்டுத்தரைக்குப் போய் வந்திருக்கிறார். "நாலு எட்டுதானுங் கண்ணு, மாடு கத்துச்சுங்" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பால் கறக்க ஆள் ஏற்பாடு செய்யாமல் அனுப்பியது என் தப்புத்தான் என்று இன்றும் நினைக்கிறேன். மறுபடி ஆபரேஷன் செய்து, கால் தப்பியது.

அதிலிருந்து ஆபரேஷனுக்கு முன்பே வீட்டாரிடம் இதெல்லாம் கேட்டுவிடுகிறேன். மாட்டை யார் பார்ப்பது? கக்கூஸ் எங்கே இருக்கிறது, வீட்டுக்குள்ளா, களத்துக்கு அந்தப் பக்கமா? கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி வாங்கியாயிற்றா? ராத்திரி எழுந்தால் யாரைக் கூப்பிடுவார்? அக்குளில் வைக்கும் கட்டைகளை நம்ப வேண்டாம், சமநிலை இல்லாதவர்கள் விழுவார்கள், விழுந்தால் நல்ல காலும் முறியும். கை வலுவிருந்தால் வாக்கர், இல்லாவிட்டால் சக்கர நாற்காலி. வெட்கப்பட ஒன்றுமில்லை, மூன்று மாத நாற்காலி முப்பது வருடக் காலைக் காப்பாற்றுகிறது.

புண்ணோ சார்கோவோ இருந்தால் முழுக்க ஒட்டிய கட்டு ஒன்று போடுகிறார்களே?

பாதத்தின் வடிவத்துக்கே ஒட்டி, பஞ்சு குறைவாக வைத்துப் போடும் கட்டு. பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பாதம் முழுவதும், கெண்டைக்கால் வரை பரவிவிடும். இதையும் தொழுநோய் மருத்துவத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டோம். வீக்கம் வடிய வடிய லூசாகும், லூசானால் உரசும், அதனால் ஒன்றிரண்டு வாரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். தெரிந்தவர் கையால்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

நாட்டு வைத்தியக் கட்டு போடலாமா? ஒத்தடம்?

நம் ஊரில் தலைமுறையாக எலும்புக் கட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளின் கை முறிவெல்லாம் கூடிப்போவதை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களை இகழ மாட்டேன். ஆனால் அந்த வைத்தியம் முழுவதும் நோயாளி 'இறுக்குதுங்க' என்று சொல்வதை நம்பி நடப்பது. உணர்ச்சி இல்லாத காலில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் அவர் சொல்ல மாட்டார், அவிழ்க்கும்போது தோல் கறுத்திருக்கும். எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம், இளகிய எலும்பு இன்னும் நகரும்.

வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த ஒரு பெண், வீக்கத்துக்கு ராத்திரி வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். காலையில் புறங்கால் முழுக்கக் கொப்புளம், அவருக்குத் தெரிந்ததே போர்வை ஈரமாக இருந்ததால்தான். ஐஸும் நேரடியாக வைக்க வேண்டாம்.

வலி மாத்திரை, கால்சியம் மாத்திரை?

மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சர்க்கரைக்காரருக்கு அது ஏற்கெனவே பாதி களைத்திருக்கலாம். பாராசிட்டமால் போதும். வைட்டமின் டி பார்த்துக் குறைந்திருந்தால் ஈடுகட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் கால்சியத்தையும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

நல்ல காலை எதற்குப் பார்க்கிறீர்கள்?

இப்போது உடம்புப் பாரம் முழுவதும் அதன் தலையில்தான். அதற்கும் அதே நரம்புக் கோளாறு. அங்கேயும் சார்கோ கிளம்பலாம், குதிகாலில் படுக்கைப் புண் வரலாம். தினமும் சாயங்காலம் ஒருவர் அந்தப் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். பேரன் பேத்திகள் இதை நன்றாகச் செய்வார்கள்.

எப்போது வண்டி ஓட்டலாம், எந்தச் செருப்பு?

வலது கால் என்றால் பிரேக் மிதிக்கும் அழுத்தம் உங்களுக்கே தெரியாது, நாங்கள் சொல்லும் வரை வேண்டாம். செருப்பு, எம்சிஆர் என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்து உங்கள் பாத அளவுக்குச் செய்தது, பின்வார் உள்ளது. ஹவாய் செருப்பு வேண்டாம். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகலாமா? பண்ணாரியில் குண்டம் இறங்குவதாக வேண்டுதல் இருக்கிறது.

கேட்டுவிட்டு வருகிறவர்களைவிடக் கேட்காமல் போய்விட்டு வருகிறவர்கள்தான் அதிகம், அதனால் நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். எலும்பு கூடி ஒரு வருடம் ஆனாலும் உணர்ச்சி திரும்பி வராது. பல நாள் தார் ரோட்டில் நடப்பது அந்தப் பாதத்துக்கு ஆகாது. பஸ்ஸில் பழனி போய், விஞ்சிலோ ரோப் காரிலோ மலையேறிக் கும்பிடுங்கள். குண்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். நெருப்பில் வேகமாகக் கடக்க வைப்பதே பாதத்தின் உணர்ச்சிதான், அது இல்லாதவர் கால் எரிவது தெரியாமல் நிதானமாக நடப்பார். எங்கள் வீட்டிலும் அம்மனுக்கு வேண்டுதல் வைக்கிறவர்கள்தான், எங்கள் அம்மத்தா தன் வேண்டுதலை என் மாமனிடம் கொடுத்து அவர் இறங்கினார். பூசாரியிடமே கேளுங்கள், மாற்று வழி சொல்வார்.

செலவு?

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், கட்டு, ஆபரேஷன் எது சேரும் என்று சேருமுன்பே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பெருந்துறையிலிருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரியிலும் எலும்புப் பிரிவு உண்டு. தனியாரில் பார்த்தாலும், சர்க்கரை மருத்துவரும் ரத்தக்குழாய் மருத்துவரும் பக்கத்தில் கிடைக்கிற இடமாகப் பாருங்கள்.

எதற்கெல்லாம் உடனே ஓடி வர வேண்டும்?

கட்டிலிருந்து வாடை வந்தால், கட்டின் மேல் ஈரக் கறை தெரிந்தால், விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ சில்லிட்டோ இருந்தால், குளிர் காய்ச்சல் வந்தால், சாப்பாடு மாறாமலே சர்க்கரை எகிறினால், கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால், கட்டு நனைந்துவிட்டால், கட்டுக்குள் எதாவது விழுந்துவிட்டால். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108. நரம்பு கெட்ட காலில் புதிதாக வலி தொடங்கினால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், வலிக்காத கால் வலிக்கும் அளவுக்கு உள்ளே ஏதோ நடக்கிறது. ராத்திரியானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் ஓ.பி. நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கே வந்துவிடுங்கள், வரும்போது காலைத் தொங்கவிடாமல் பின் சீட்டில் நீட்டி வைத்துக்கொண்டு வாருங்கள்.